கோமுகியைத் தாண்டாமல்

லண்டனில் உருள்வதற்கு இடம் இல்லை. நாங்கள் கம்போடியாவுக்குப் போன காரணம் அதுதான்.

என் அக்காவுக்கு வயிற்றில் ஒரு கட்டி வந்தது. வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பயப்பட ஒன்றும் இல்லை என்ற பதில் வருவதற்குப் பதினொரு நாள் பிடித்தது. அந்தப் பதினொரு நாளுக்குள் அவளுடைய கணவர், என் அத்தான், ஊரில் உள்ள சிவன் கோயிலுக்குப் பிரதட்டை செய்வதாக நேர்ந்துவிட்டார். தோய்ந்த ஈர வேட்டியோடு நிலத்தில் கிடந்து, கோயிலின் வெளிவீதியை ஒரு முழுச் சுற்று உருண்டு வருவதுதான் பிரதட்டை. எங்கள் பக்கத்தில் ஆண்கள் செய்கிற நேர்த்தி அது.

அக்கா சுகமாகி வேலைக்கும் திரும்பி இரண்டு வருடமாகிவிட்டது. சண்டையால் ஊருக்குப் போகும் பாதை பூட்டிக் கிடந்தது. போனாலும் அந்தக் கோயிலடியில் ஆமி முகாம் இருந்தது. குட்மேய்ஸில் அவர்கள் வீட்டுக்குக் கிட்ட நாங்கள் கும்பிடுகிற கோயில், முன்பு ஏதோ கிளப்பாக இருந்த கட்டடம். அதற்கு வெளிவீதி என்றால் கார் நிறுத்துகிற இடமும் குப்பைத் தொட்டிகள் வைத்திருக்கிற ஒழுங்கையும்தான். அங்கே ஐம்பத்தெட்டு வயது மனிதர் ஒருவர் ஈர வேட்டியோடு உருண்டால் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி அம்புலன்சுக்கு அடித்துவிடுவாள்.

அத்தான் வேலை செய்கிற பெற்றோல் செட்டில் யாரோ சொன்னார்களாம், கம்போடியாக் காட்டுக்குள் கல்லால் கட்டிய சிவன் கோயில்கள் மதிலோடும் வீதியோடும் சும்மா கிடக்கின்றன என்று. அன்றிலிருந்து அதே கதைதான். அக்காவுக்கு இதில் ஒரு துளி விருப்பமும் இல்லை. "நான் பிழைச்சது டொக்டராலை. அவருக்கு ஒரு போத்தல் வைன் குடுத்தாச்சு. காணும்" என்றாள். ஆனாலும், இந்த மனிசன் தனியப் போனால் துலைந்துவிடும் என்று சொல்லிப் பெட்டியை அடுக்கினாள்.

என்னைச் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம், நான் போகாத தெரு இல்லை என்று அத்தான் நம்புவது. நான் வால்தம்ஸ்டோவில் மினிகாப் டாக்சி ஓடுகிறேன். பள்ளிக்கூடத்தைப் பத்தாம் வகுப்போடு விட்டவன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் மொஸ்கோவிலும் கிழக்கு பேர்லினிலும் ஒரு மரக்கறி லொறியின் பின்பக்கத்திலும். ஓரிடத்தில் ஆறு மாதம் இருந்தால் எனக்குக் கால் கடிக்கும். கேட்டவுடன் வாறன் என்றுவிட்டேன்.

தாய்லாந்து எல்லையைத் தாண்டியதும் தெரு முடிந்துவிட்டது. அதற்கப்பால் இருந்தது குழிகள், குழிகளுக்கு நடுவே கொஞ்சம் தெரு. ஒரு பழைய பிக்கப்பின் முன்பக்கத்தில் சாரதியும் அக்காவும், பின்பக்கத்தில் அரிசி மூட்டைகளின் மேல் அத்தானும் நானும் எங்கள் வழிகாட்டியும். வழிகாட்டியின் பெயர் சொக்கா. என்னைவிடப் பத்து வயது இளையவன். தாய்லாந்து எல்லை அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே ஆங்கிலம் படித்தவன். பெயரைக் கேட்ட நிமிடமே அத்தான் அவனைச் "சொக்கன்" ஆக்கி, சகுனம் நல்லது என்றார்.

பாலங்களில் பாதிப் பலகைகள் இல்லை. ஒவ்வொரு பாலத்திலும் சொக்கா இறங்கி, வாகனம் கடந்துவிட்ட பலகையைப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் போடுவான். பிக்கப் ஓர் ஆள் நீளம் நகரும். திரும்பவும் பின்னால் ஓடுவான். நானும் இறங்கிப் பலகை தூக்கினேன். சும்மா இருப்பதைவிட அது நல்லது.

முதலாவது தடையில் குறுக்கே ஒரு தடி. பக்கத்தில் தறப்பாளுக்குக் கீழே இரண்டு ஆமிக்காரர், ஒருவன் மரங்களுக்கிடையே கட்டிய ஏணையில் கிடந்தான். வாகனம் சரியாக நிற்க முன்னரே நாங்கள் மூன்று பேரும் கீழே நின்றோம். யாரும் சொல்லவில்லை. வலது கையில் பாஸ்போர்ட், முகத்தைப் பார்க்க வசதியாகத் தொப்பியைக் கழற்றி, வரிசையில் அத்தான், பிறகு நான். அக்கா பெண்களைச் சோதிக்கிற பக்கம் என்று தானே ஒரு பக்கத்தைத் தீர்மானித்துத் தள்ளி நின்றாள். அத்தான் தன் பையின் சிப்பையும் திறந்து வைத்திருந்தார். ஏணையில் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்தான், சொக்காவைப் பார்த்தான், ஏதோ கேட்டான்.

"இவர்கள் ஏன் இறங்கி நிற்கிறார்கள் என்று கேட்கிறார்" என்றான் சொக்கா.

அவனுக்குத் தேவைப்பட்டது இரண்டு சிகரெட். இரண்டாவது தடையிலும் நாங்கள் இறங்கினோம். மூன்றாவது தடை வருவதற்கு முதலே சொக்கா எங்களிடம் கும்பிடாத குறையாகச் சொன்னான், தயவுசெய்து இருங்கள், நீங்கள் இறங்கி வரிசையில் நின்றால் அவர்களுக்குப் பயமாக இருக்கிறது என்று. நான்காவது தடையில் நான் மூட்டையை விட்டு எழும்பவில்லை. அத்தானும் எழும்பவில்லை, ஆனால் பாஸ்போர்ட் கையில் இருந்தது.

சியம் ரீப்பில் எல்லோரும் பார்க்கிற பெரிய கோயிலைப் பார்த்தோம். முதலில் பெருமாளுக்குக் கட்டியது என்று சொக்கா சொன்னவுடன் அத்தான் அதைத் தன் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார். எடுக்காவிட்டாலும் முடிந்திருக்காது. வெளிச்சுற்றில் அரை மணித்தியாலம் நடந்தும் பாதிச் சுற்றுக்கூட முடியவில்லை. "இதைச் சுத்தி உருண்டா, வாற வருசப் பிறப்புக்குத்தான் எழும்புவன்" என்றார். மற்றக் கோயில்களில் புத்தர் இருந்தார், அல்லது ஜப்பான்காரர்கள் நிறைந்த பஸ் இருந்தது. கமராக்களுக்கு முன்னால் வேட்டியோடு உருள அவர் தயாராக இல்லை.

சாப்பாடு எங்களுக்கு ஒத்துவந்தது. காலையில் சந்தையில் இடியப்பம் மாதிரி ஒரு நூல், அதன்மேல் மஞ்சளும் பச்சையுமாக மீன் சொதி. அதை வாயில் வைத்த அக்கா, இவர்கள் பால் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்று, ஏதோ ஒன்றுவிட்ட தங்கையின் சமையலுக்குச் சொல்வது போலச் சொன்னாள். புளித்த மீன் ஒன்று எல்லாவற்றிலும் மணத்தது. எனக்கு அதுவும் பிடித்தது. ஆனால் வெள்ளிக்கிழமை அத்தான் வெறும் சோற்றில் வாழைப்பழத்தைப் பிசைந்து சாப்பிட்டார். பஞ்சாங்கத்தைப் போட்டோக்கொப்பி எடுத்துப் பாஸ்போர்ட் பையில் வைத்திருந்தார். வெள்ளிக்கு மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லை. பிரதோஷம் அதைவிடக் கடுமை, பொழுதுபடும் வரை பச்சைத் தண்ணீரும் தொண்டைக்குள் இறங்காது. பெற்றோல் செட்டில் பன்னிரண்டு மணி ஷிப்ட் நின்றாலும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை நொம் பென் பக்கம் கிளம்பினோம். வழியில், பெரிய தெருவை விட்டு உள்ளே போனால் சின்னச் சிவன் கோயில் ஒன்று உண்டு, ஒருவரும் வருவதில்லை, பக்கத்துக் கிராமத்தில்தான் என் சின்னம்மா இருக்கிறார் என்றான் சொக்கா. அத்தானுக்கு முகம் மலர்ந்தது. மழையில் மூன்று மணித்தியாலம் சேற்றோடு மல்லுக்கட்டி, கோயிலடிக்கு வந்ததும் பிக்கப்பின் அச்சு முறிந்தது. சாரதியும் சொக்காவும் வாகனத்துக்குக் கீழே புகுந்தார்கள். புகுவதற்கு முதல் சொக்கா, கல் பதித்த பாதையை விட்டு இறங்க வேண்டாம் என்றான். எல்லாக் கோயிலிலும் அதைத்தான் சொல்லியிருந்தான். முதல் நாள் பாம்புக்காக, அடுத்த நாள் கல் விழும் என்பதற்காக. இப்போது எதற்காக என்று நாங்கள் கேட்கவில்லை.

கோயில் எங்களுக்கென்றே அளவெடுத்துக் கட்டியது மாதிரி இருந்தது. கிழக்கே வாசல், சுற்றிவர இடுப்பளவுக்கு இடிந்த மதில், ஒவ்வொரு பக்கமும் நாற்பது தப்படி நடை. கருவறையில் ஆவுடையார் மட்டும் இருந்தது, லிங்கத்தை யாரோ எப்போதோ கொண்டுபோய்விட்டார்கள். அத்தான் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கற்பூரம் கொளுத்தினார். பாதை மதிலின் வடகிழக்கு மூலைவரைக்கும் போனது. அங்கே நின்று பார்த்தபோது வடக்குச் சுவரில் கோமுகி தெரிந்தது. சுவாமிக்கு வார்த்த தண்ணீர் வெளியே வடிகிற கல் பீலி. மதிலையும் துளைத்துக்கொண்டு வீதிவரை நீண்டிருந்தது. "எல்லாம் முறைப்படி இருக்கு" என்று அத்தான் அதைக் கும்பிட்டார்.

அந்த மூலையில் ஒரு மரம். அதன் கொப்புகளிலும், அதிலிருந்து அடுத்த மரத்துக்குக் கட்டியிருந்த கயிற்றிலும் சின்னச் சின்னச் சிவப்புத் துணிகள்.

"பாருங்கோவன், இஞ்சையும் சனம் நேந்து துணி கட்டியிருக்கு" என்றாள் அக்கா. அவ்வளவு நாளும் நேர்த்தியைப் பகிடி பண்ணிக்கொண்டு வந்தவள், கைப்பையிலிருந்து முகம் துடைக்கிற கைலேஞ்சி ஒன்றை எடுத்து ஐம்பது பென்ஸ் குற்றியை அதில் முடிந்து கயிற்றில் கட்டினாள். என்ன நேர்ந்தாய் என்று கேட்டேன். உன்ரை அலுவலைப் பார் என்றாள்.

அன்றிரவு சொக்காவின் சின்னம்மா வீட்டில் பாய் தந்தார்கள். அடுத்த நாள் திங்கட்கிழமை, சிவனுக்கு உரிய நாள். விடிய எழுந்து உருளப்போவதாகவும் நான் கூட வரவேண்டும் என்றும் அத்தான் சொல்லியிருந்தார். நான் கண் விழித்தபோது நல்ல வெளிச்சம். அத்தானின் பாய் வெறுமையாக இருந்தது. காற்சட்டையை மடித்து, அதன்மேல் பாஸ்போர்ட் பையை வைத்திருந்தார். என்னை எழுப்ப அவருக்கு மனம் வரவில்லைப்போலும்.

நான் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். சொக்கா கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தான். அத்தான் எங்கே என்றான். கோயிலைச் சுற்றுகிறார் என்றேன்.

"உள்ளேயா, வெளியேயா?"

"வெளியே."

அவன் பிரஷை வாயிலிருந்து எடுக்காமலே ஓடினான். நானும் பின்னால் ஓடினேன். வடகிழக்கு மூலையில், அந்த மரத்தடியில் நின்று என் மார்பில் கையை வைத்து மறித்தான். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். கோயில் வாசலையும் பாதையையும் மட்டும்தான் துப்புரவாக்கியிருக்கிறார்கள். மற்ற மூன்று பக்கமும் மிதிவெடி. போன மழைக்கு ஒரு மாடு போனது. கிராமத்தார்தான் தங்கள் பாட்டில் இந்தச் சிவப்புத் துணிகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் ஊரிலும் மிதிவெடி உண்டு. ஆனால் துணி கட்டி வைக்க எவருக்கும் நேரம் இருந்ததில்லை. அதனால்தான் எனக்கும் அது விளங்கவில்லை.

அத்தான் வாசலில் தொடங்கி, தெற்கையும் மேற்கையும் முடித்து, வடக்கு வீதியில் எங்களை நோக்கி உருண்டு வந்துகொண்டிருந்தார். கண்கள் மூடியிருந்தன. தலைக்குமேல் கைகளைக் குவித்திருந்தார். எங்களுக்கும் அவருக்கும் இடையில் இருபது தப்படி தூரம் புல். ஒவ்வொரு புரளலுக்கும் "சிவ சிவா" என்றார்.

"அத்தான், அசையாதேங்கோ" என்று கத்தினேன்.

நின்றார். கண்ணைத் திறந்தார். "என்னடா தம்பி, இன்னும் கொஞ்சந்தானே."

சொன்னேன். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். வயிறு மட்டும் ஏறி இறங்கியது.

சொக்கா மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். எழும்ப வேண்டாம், கால் வைத்தால் பாரம் முழுவதும் ஓரிடத்தில் இறங்கும். முன்னால் வர வேண்டாம். வந்த வழியில் புல் படுத்துக் கிடக்கிறது, அதன் மேலேயே, வந்த மாதிரியே, திரும்பிப் போகட்டும். ஒரு சாணும் விலகக் கூடாது. நான் தமிழில் சொன்னேன்.

"ஏலாது" என்றார் அத்தான்.

நான் திரும்பவும் சொன்னேன்.

"விளங்குது தம்பி. சிவன் கோயிலை இடப்பக்கமாச் சுத்தச் சொல்லுறாய். அவள்ரை உயிருக்கு வைச்ச நேர்த்தி இது. சுத்தினதைத் திருப்பிச் சுத்தினா, தந்ததைத் திருப்பி எடு எண்டு சொல்லுற மாதிரி." கண்ணைத் திரும்ப மூடினார். "இருபது தப்படிதானே. நான் வாறன். நீங்கள் தள்ளி நில்லுங்கோ."

எல்லை எல்லையாகத் தாண்டி வந்த எனக்கு, படுத்துக் கிடக்கிற ஒரு மனிதரை எப்படி மறிப்பது என்று தெரியவில்லை.

அக்கா வந்து என் பக்கத்தில் நின்றதை அப்போதுதான் கண்டேன். வீட்டுச் சட்டையோடு, தோளில் துவாய். கடைசிப் பேச்சைக் கேட்டிருக்கிறாள். கயிற்றில் ஆடிய தன் கைலேஞ்சியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவள் அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். குசினி அடுப்படியிலிருந்து கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ. இண்டைக்கு என்ன நாள்?"

"திங்கள்."

"திங்களும் பிரதோசமும். பிரதோசத்தண்டு சிவன் கோயிலை முழுக்கச் சுத்திறேல்லை. கோமுகியைத் தாண்டாமல் திரும்ப வேணும். சோமசூக்தப் பிரதட்சணம் எண்டு நீங்களெல்லோ எனக்குச் சொல்லித் தந்தனியள்?"

அப்படி ஒரு முறை உண்டுதான். மற்ற நாளில் வலமாக முழுச் சுற்று. பிரதோஷத்தில் மட்டும் கோமுகிவரை போய், அதைக் கடக்காமல் வந்த வழியே திரும்ப வேண்டும். அதுதான் அன்றைக்கு முறை.

அத்தான் தலையைத் திருப்பினார். கல் பீலி அவருடைய கைக்கெட்டும் தூரத்தில், நேர் முன்னால் இருந்தது. இன்னும் ஒரு புரளல் புரண்டிருந்தால் தாண்டியிருப்பார்.

"பிரதோசம் பின்னேரமெல்லோ" என்றார்.

"அது பூசை. நாள் நாள்தான். திரும்புங்கோ."

அவர் அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தார். மரத்தில் ஏதோ ஒரு குருவி ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போட்டது. பிறகு, "சரி. நீ அந்த மூலையிலை நிக்காதை. வாசலுக்குப் போ" என்றார். கைகளைக் குவித்தார். "சிவ சிவா" என்று மறுபக்கம் புரண்டார்.

நாங்கள் பாதையால் ஓடி, அவர் உருளத் தொடங்கியிருந்த வாசலடியில் நின்றோம். அங்கிருந்து தெற்கு வீதி தெரியும். மேற்கு வீதி தெரியாது, கோயில் மறைத்தது. குரல் மட்டும் வந்தது. இடிந்த கல்லுகளுக்கு அப்பாலிருந்து ஒரு "சிவ சிவா", பிறகு இடைவெளி, பிறகு இன்னொன்று. இடைவெளி ஒரு தரம் நீண்டுபோனது. அக்கா என் கையைப் பிடித்தாள். நகங்கள் பதிந்தன. இரண்டு வருடத்துக்கு முதல், ஆஸ்பத்திரியில் அந்தப் பதினோராம் நாள் அத்தான் என் கையைப் பிடித்ததும் இதே இடத்தில்தான். பிறகு இருமல் சத்தம் ஒன்று, அதன் பின்னால் "சிவ சிவா".

தென்மேற்கு மூலையால் அவர் தலை தெரிந்தது. செம்மண்ணும் புல்லும் அப்பி, ஆள் நிறமே மாறியிருந்தார். நேராக உருண்டு வந்தார், கோடு போட்ட மாதிரி. கல் பாதையில் தோள் பட்டதும் சொக்காவும் நானும் அவரை அப்படியே தூக்கி இழுத்தோம். எழுந்து நிற்கப் பார்த்துச் சுற்றிக்கொண்டு விழுந்தார். அக்கா துவாயால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கிறாளா அடிக்கிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"சொக்கன் பாதையை விட்டு நடக்க வேண்டாம் எண்டல்லோ சொன்னவன்" என்றாள்.

"நான் எங்கை நடந்தனான்?" என்றார் அத்தான்.

சொக்கா நிலத்தில் குந்திவிட்டான். சிகரெட் பிடிக்காதவன், தடைகளில் கொடுப்பதற்கு வைத்திருந்த பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தான். பற்றவைக்க மூன்று குச்சி தேவைப்பட்டது. அக்கா என்ன சொல்லித் திருப்பினாள் என்று என்னைக் கேட்டான். பிரதோஷத்தையும் கோமுகியையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "இன்று அந்த நாளா?" என்றான்.

எனக்குத் தெரியாது. பஞ்சாங்கக் கொப்பி என் கழுத்தில் தொங்கிய பையில் இருந்தது. சிப்பில் கை வைத்தேன். அக்கா பையை என் கழுத்திலிருந்து கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

அத்தான் கிணற்றடியில் குளித்து வேட்டி மாற்றி வந்தார். சின்னம்மா பாயைப் போட்டு எல்லோருக்கும் அரிசிக் கஞ்சி வைத்தார். பக்கத்தில் பனங்கட்டியும் பொரித்த கருவாடும். காலை எட்டு மணிகூட ஆகியிருக்காது, பொழுதுபட ஒரு முழுப் பகல் இருந்தது. நானும் அக்காவும் கிண்ணத்தைத் தொடாமல் அத்தானைப் பார்த்தோம். அவர் கருவாட்டைத் தள்ளி வைத்தார். நேர்த்தி செய்த நாள். பிறகு பனங்கட்டியை உடைத்துக் கஞ்சியில் போட்டு, கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி ஒரே மூச்சில் குடித்தார். சின்னம்மா வார்த்த இரண்டாவதையும் குடித்தார்.

அக்கா அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல் வெறுங் கிண்ணத்தை அவள் பக்கம் நீட்டினார். அவள் அகப்பையை எடுத்து மூன்றாவது தரம் வார்த்தாள். கொஞ்சம் பாயில் சிந்தியது.

நான் என் கிண்ணத்தை எடுத்தேன். நல்ல சூடு. அவ்வளவு பசி இருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.